வழக்கமாக எப்படி வருகிறீர்கள்?

கேள்வித்தாள் நான்கு பக்கம் இருந்தது. மேலே 'வளரிளம் பருவத்தினரின் வாழ்க்கைமுறைப் பழக்கங்கள்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து யாரோ அனுப்பியிருக்கிறார்களாம். விளையாட்டு ஆசிரியை ஜெயக்கொடி அதைப் பன்னிரண்டாம் வகுப்பு 'பி' பிரிவில் கொடுத்துவிட்டு, "உள்ளத உள்ளபடி எழுதுங்க. இதுக்கு மார்க் கெடையாது" என்றார். மார்க் கிடையாது என்றதும் பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அரட்டையில் இறங்கினார்கள்.

மங்கை எழுதினாள். வாரத்தில் எத்தனை நாள் காலை உணவு சாப்பிடுகிறீர்கள்? ஒன்று. இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்? ஒன்றரை. ஒரு நாளில் கைப்பேசி பார்க்கும் நேரம்? ஐந்து மணி நேரம். பழங்கள்? பூஜ்யம். எதையும் மறைக்கத் தோன்றவில்லை. தெரிந்தவள் ஒருத்தியைப் பற்றி யாரோ விசாரிக்கிறார்கள், தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம் என்பதுபோல் எழுதிக்கொண்டே போனாள்.

மூன்றாம் பக்கத்தில் 'பள்ளிக்கு வழக்கமாக எப்படி வருகிறீர்கள்?' என்று இருந்தது. சைக்கிளுக்கு நேரே டிக் போட்டாள். வாரத்தில் எத்தனை நாள்? ஐந்து. எவ்வளவு நேரம்? இருபத்தைந்து நிமிடம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிஸ்பா எட்டிப் பார்த்தாள். "ஏய், நீ வேன்லதானே வர?"

"ஆமா."

மிஸ்பா இன்னொரு முறை தாளைப் பார்த்தாள், மங்கையின் முகத்தைப் பார்த்தாள், பிறகு தன் தாளுக்குத் திரும்பிக்கொண்டாள். வகுப்பில் எல்லோரும் ஏழு மாதமாக மங்கையிடம் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். கேட்க வந்ததைப் பாதியில் விட்டுவிடுவார்கள்.

போன டிசம்பரில், அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம், ஒரு திங்கட்கிழமை காலையில் அமலா செத்துப்போனாள். அமலாவும் மங்கையும் ஒரே ஊர். செஞ்சியிலிருந்து மேற்கே திருவண்ணாமலை ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கல்லேரிப்பட்டு. பிளஸ் ஒன்னில் இரண்டு பேருக்கும் அரசாங்கம் கொடுத்த நீல சைக்கிள். தினமும் ஒன்றாகத்தான் போவார்கள். அன்றைக்கு ஜல்லி ஏற்றி வந்த லாரி அமலாவின் மேல் ஏறிவிட்டது. மங்கைக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை.

அதன்பிறகு கல்லேரிப்பட்டில் ஒருத்தரும் பிள்ளைகளை சைக்கிளில் அனுப்பவில்லை. பாண்டுரங்கனின் வேனில் பதினேழு பிள்ளைகளைத் திணித்து அனுப்பினார்கள். மங்கை பின் சீட்டில் மூலையில் உட்கார்ந்து, அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துவந்த போனைப் பார்த்துக்கொண்டே போவாள், பார்த்துக்கொண்டே வருவாள். போன வருஷம் தைத்த யூனிபார்ம் தோளில் பிடித்தது. அம்மா அதைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள்.

அவள் அழவே இல்லை. முதலில் ஊர்க்காரர்கள் அதிர்ச்சி என்றார்கள். முப்பது நாள் காரியம் முடிந்தும் அழாமல் இருக்கவே, கல்லு மாதிரி இருக்குது பொண்ணு என்று பேசிக்கொண்டார்கள். அம்மா ஓர் அமாவாசைக்கு மேல்மலையனூருக்குக் கூட்டிப்போய் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோது மங்கை, "லாரி வந்து இடிச்சிடுச்சு" என்றாள். அவர்கள் அதற்குமேல் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. குழந்தையிடம் எதுவும் கேட்காதீர்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லி வைத்திருந்தார்கள்.

'வழக்கமாக' என்று கேட்டதால்தான் அப்படி எழுதினாள். வழக்கம் என்றால் சைக்கிள்தான். ஏழு மாதமாக வேனில் வந்தாலும் அது அவளுக்கு வழக்கமாக ஆகியிருக்கவில்லை.

புதன்கிழமை ஜெயக்கொடி மிஸ் கையில் ஒரு பட்டியலோடு வகுப்புக்கு வந்தார். சுகாதாரத் துறையிலிருந்து டாக்டர் வரப்போகிறார், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விழிப்புணர்வுப் பேரணி, நடந்தும் சைக்கிளிலும் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள்தான் முன்னால் போகவேண்டும் என்றார். இந்த வகுப்பில் மூன்று பேர். மூன்றாவது பெயர் மங்கை. மிஸ் இந்த ஜூனில்தான் மாற்றலாகி வந்தவர், அவருக்கு ஒன்றும் தெரியாது.

"சைக்கிள நல்லா தொடைச்சு எடுத்துட்டு வரணும், என்னா?"

மிஸ்பா மேசைக்கடியில் மங்கையின் கையைத் தொட்டாள். இப்போதாவது சொல்லு என்று அர்த்தம். மங்கை எழுந்து நின்று, "சரி மிஸ்" என்றாள்.

சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் அதற்குப் பின்னால் இன்னும் நிறைய வாக்கியங்கள் சொல்லவேண்டியிருக்கும். அதைவிட சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவது சுலபமாகத் தோன்றியது.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். பெரியதம்பி ஊர்ப் பெரிய விவசாயி ஒருவரிடம் டிராக்டர் ஓட்டுகிறவர். அப்போதுதான் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார்.

"நைனா, நாளைக்கு சைக்கிள் வேணும்."

அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. உள்ளேயிருந்து அம்மாதான், "எதுக்கு?" என்றாள்.

"ஸ்கூல்ல கேட்டாங்க. பேரணி."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு. டிவிஎஸ்ல வச்சு நைனாவ உட்டுட்டு வரச்சொல்றேன்."

பெரியதம்பி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் உரச்சாக்குகளுக்குப் பின்னால் சைக்கிள் நின்றது. சீட்டில் கோழி எச்சம். இரண்டு சக்கரமும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. அவர் அதை வெளியே உருட்டிவந்து, தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டியூபைக் கழற்றினார். பின் டியூப் மக்கிப்போயிருந்தது. எங்கேயோ போய் வேறு டியூப் வாங்கிவந்தார். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரு பழைய துணியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஏழே முக்காலுக்கு மங்கை கிளம்பினாள். தெருவைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு ஏறினாள். ஆடிக் காற்று பின்னாலிருந்து தள்ளியது. சைக்கிள் தானாகவே போனது. பஸ் நிறுத்தத்தில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ரத்தினம்மாள், அமலாவின் அம்மா. செஞ்சி நெல் கமிட்டியில், விவசாயிகள் விற்கக் கொண்டுவருகிற நெல்லை அள்ளிக் கொட்டுகிற வேலைக்குப் போகிறவள். தினமும் இந்நேரத்துக்கு ஷேர் ஆட்டோ பிடிப்பாள். மங்கைக்கு அது தெரியும். மறந்துபோயிருந்தாள்.

நீல சைக்கிளைக் கண்டதும் ரத்தினம்மாள் ரோட்டோரம் வந்தாள். மங்கை காலை ஊன்றினாள்.

"எடுத்துட்டியா" என்றாள் ரத்தினம்மாள்.

"ஸ்கூல்ல கேட்டாங்க அத்த."

"தனியாவா போற?"

"ம்."

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மற்றவர்கள் ஏறினார்கள். டிரைவர், "வரியாம்மா?" என்று கேட்டான். ரத்தினம்மாள் கையை ஆட்டி அனுப்பிவிட்டாள்.

"எறங்கு. நானும் வரேன். நடந்து போலாம்."

"லேட்டாயிடும் அத்த. உனக்கும் வேல."

"ஆவட்டும்."

மங்கை இறங்கினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். ரத்தினம்மாள் ரோட்டுப் பக்கமாக வந்து நின்றுகொண்டு, அவளை உள்பக்கம் நடக்க வைத்தாள். எதிரே வெயில் கண்ணில் அடித்தது. திருவண்ணாமலை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒவ்வொன்று கடக்கும்போதும் ரத்தினம்மாளின் புடவை விசிறி மங்கையின் கையில் பட்டது.

"ராத்திரி தூங்கறியா நீ?" என்று கேட்டாள் ரத்தினம்மாள்.

"ஒன்றர ஆவும்."

"எனக்கு ரெண்டு, ரெண்டரை. அதுவரிக்கும் இன்னா பண்ணுவ?"

"ரீல்ஸ் பாப்பேன்."

"இன்னா இருக்குது அதுல?"

"தெர்ல அத்த. பாத்தது ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

ரத்தினம்மாள் தலையாட்டினாள். அவளுக்கு அது புரிந்தது போலத்தான் இருந்தது.

இன்னும் கொஞ்சம் நடந்ததும் அவள் வேகத்தைக் குறைத்தாள். "அந்த எடம் எதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. ஆட்டோல போவும்போது கண்ண மூடிக்குவேன். எப்ப தொறக்கறதுன்னு தெரியாம கோட்ட மதில் வர்ற வரிக்கும் மூடினே இருப்பேன். நீ காட்டு."

"இன்னும் கொஞ்சம் தள்ளி அத்த."

மூடிக் கிடந்த ஒரு பஞ்சர் கடைக்கு எதிரில் மங்கை நின்றாள். அங்கே அடையாளம் எதுவும் இல்லை. போலீஸ் போட்ட வெள்ளைக் கோடு எப்போதோ அழிந்துவிட்டது. ரோட்டோரம் ஆவாரம் செடிகள், ஒரு குளிர்பான பாட்டில், கிழிந்த பிளக்ஸ் துண்டு. மங்கை தன் நெஞ்சுக்குள் ஏதாவது நடக்கிறதா என்று கவனித்தாள். கையில் பிரேக் கம்பி சில்லென்று இருந்தது. அவ்வளவுதான்.

ரத்தினம்மாள் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இங்கியா" என்றாள். பிறகு, "அன்னிக்கி இன்னா பேசிக்கினு வந்தீங்க?" என்றாள்.

"பேசல அத்த."

"பேசாம எப்படி? நீங்க ரெண்டு பேரும் வாய மூடவே மாட்டீங்களே."

"சண்ட."

ரத்தினம்மாள் திரும்பிப் பார்த்தாள். மங்கை சைக்கிள் மணியைப் பார்த்தபடி சொன்னாள். யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறோம் என்று தெரிந்தது, ஆனால் குரல் பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் வந்தது.

"முந்தின நாளு ஞாயித்துக்கெழம உங்க வீட்ல படிச்சினு இருந்தோம் இல்ல. நான் தூங்கிட்டேன். வாயத் தொறந்துக்கினு. அத போட்டோ எடுத்து உன் போன்ல ஸ்டேட்டஸ் வச்சிட்டா. அன்னிக்கு சாயங்காலமே கிளாஸ் புள்ளைங்க எல்லாம் அத பாத்து சிரிச்சு மெசேஜ் போட்டாங்க. எனக்கு ராத்திரியெல்லாம் கோவம். காலையில அவ வந்து கூப்ட்டா, நான் பேசவே இல்ல. முன்னால போயிட்டேன்."

"ம்."

"வேகமா மிதிச்சேன். பின்னால இருந்து கூப்ட்டா."

"இன்னான்னு கூப்ட்டா?"

"மங்க நில்லுடின்னு. ரெண்டு வாட்டி. நான் நிக்கல. இன்னும் வேகமா போனேன். என் பக்கத்துல வர்றதுக்காக அவ வெளிப்பக்கமா ஏறி வந்தா. அப்பதான் அத்த."

ரத்தினம்மாள் முன்னால் நடந்தாள். பத்திருபது அடி போய், அங்கே இருந்த சின்ன மதகுக் கட்டையில் உட்கார்ந்தாள். மங்கை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு கரும்பு டிராக்டர் போனது. இரண்டு பைக் போனது. அடிக்க வருவாளோ, திட்டுவாளோ, அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று எதையும் மங்கை நினைக்கவில்லை. எது நடந்தாலும் நின்றிருப்பாள்.

"வா இங்க" என்றாள் ரத்தினம்மாள்.

போனாள். ரத்தினம்மாள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து போனை எடுத்தாள். கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன். விரலால் நகர்த்தி நகர்த்தி ஒரு படத்தைத் தேடி எடுத்து நீட்டினாள்.

"இதுவா?"

அதுதான். வேதியியல் புத்தகத்தின்மேல் கன்னத்தை வைத்து, வாயைத் திறந்து தூங்குகிற மங்கை. எச்சில் ஒழுகிப் பக்கம் நனைந்திருந்தது.

"நான் தெனம் பாப்பேன் இத" என்றாள் ரத்தினம்மாள். "அவ போட்டோ ஒண்ணுகூட இதுல இல்ல. எல்லாத்தையும் அவளே எடுத்தா, அவ எப்படி இருப்பா? எங்களதான் எடுத்து வச்சிருக்கா. ஆட்ட, கோழிய, ஒன்ன. இதுல மட்டும்தான் கொஞ்சம் இருக்கா. இதோ பாரு."

படத்தின் வலது மூலையில் இளஞ்சிவப்பாக ஏதோ மங்கலாக இருந்தது. மங்கைக்கு முதலில் புரியவில்லை.

"வெரலு. அவசரத்துல மறைச்சிக்கினு எடுத்திருக்கா."

மங்கை அதைப் பார்த்தாள். ஏழு மாதத்தில் நூறு தடவை அந்தப் படத்தை மனதுக்குள் பார்த்திருக்கிறாள். அந்த மூலையைப் பார்த்ததில்லை.

"அழுவ வரல அத்த" என்றாள்.

"எனக்கும்தான் நின்னு போச்சு. பொங்கலோட." ரத்தினம்மாள் போனைப் பையில் போட்டுச் சுருக்கினாள். "நீ சொன்னதும், கோவம் வருதான்னு ஒக்காந்து பாத்தேன். உம்மேல கோவம் வந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு. வரல. நாளைக்கு வருமோ என்னமோ. வந்தா வந்து திட்டறேன்."

"சரி அத்த."

"எழுந்துரு, நேரமாவுது" என்று, நின்றுகொண்டிருந்த மங்கையிடம் சொல்லிவிட்டு, தானே எழுந்தாள்.

மீதி மூன்று கிலோமீட்டரையும் நடந்தார்கள். கோட்டை மதிலின் நடுவே ரோடு புகுந்து போகிற இடத்தில் ஒரு டூரிஸ்ட் பஸ் குறுக்கே நின்று வழியை அடைத்திருந்தது. இவர்கள் ஒதுங்கி நின்று, அது கிளம்பியதும் போனார்கள். ஊருக்குள் நுழைந்ததும் ரத்தினம்மாள், "பாத்துப் போ" என்று சொல்லிவிட்டுக் கமிட்டிப் பக்கம் திரும்பினாள். போகிற வேகத்தைப் பார்த்தால், எப்போதும் போல வேலைக்குப் போகிற பெண் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று ஓடுகிற மாதிரி இருந்தது.

பள்ளியில் பேரணி கிளம்பிவிட்டிருந்தது. மதியம் ஜெயக்கொடி மிஸ் கூப்பிட்டு அனுப்பினார். அதற்குள் யாரோ அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். மங்கை "தப்பா எழுதிட்டேன் மிஸ், நான் வேன்லதான் வரேன்" என்றபோது அவர் திட்டவில்லை. தன் டப்பாவின் மூடியில் எலுமிச்சை சாதம் போட்டுக் கொடுத்து, தனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார். மங்கை சாப்பிட்டாள். உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

சாயங்காலம் சைக்கிளை எடுத்தாள். காலையில் பின்னாலிருந்து தள்ளிய காற்று இப்போது எதிரே வந்து முகத்தில் மண்ணை அடித்தது. மிதிக்க மிதிக்க நகரவில்லை. ஏழு மாதம் சும்மா இருந்த தொடை இரண்டும் எரிந்தன. கோட்டை தாண்டி மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. மேட்டுக்கு மேல், புளியமரத்தடியில் ஒரு டிராக்டர் நின்றிருந்தது. பெரியதம்பி சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா?"

"ஒண்ணுமில்ல. இந்தப் பக்கம் ஒரு லோடு. நீ போ."

டிரெய்லர் காலியாக இருந்தது. மங்கை ஏறி மிதித்தாள். பின்னால் டிராக்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. அது அவளைத் தாண்டிப் போகவில்லை. அவளுடைய வேகத்துக்கே, அவளுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில், ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் லாரிகளும் பஸ்களும் சேர்ந்துவிட்டன. ஹாரன் காதைப் பிளந்தது. ஒரு பஸ் டிரைவர் வெளியே தலையை நீட்டி, "யோவ், தூங்கறியா?" என்று கத்தினான். பெரியதம்பி ஒதுங்கவே இல்லை. எதிர்ப்பக்கம் காலியான இடங்களில் ஒவ்வொருவராக வெட்டித் தாண்டிப் போனார்கள், போகிறபோது திட்டிவிட்டுப் போனார்கள். மங்கைக்கு மூச்சு வாங்கியது. உள்ளங்கை இரண்டும் வலித்தன. மதகைத் தாண்டினாள், பஞ்சர் கடையைத் தாண்டினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று ஊர் வருவதற்கு.

வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் பெரியதம்பி குனிந்து செயினை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"லூசா இருக்குது. நாளைக்கு டைட் பண்றேன்."

"நாளைக்கு லீவு நைனா."

"தெரியும். திங்கட்கெழமைக்கு சொல்றேன்."

திங்கட்கிழமை அவள் வேனில்தான் போனாள். செவ்வாயும் வேன். புதன்கிழமை காலையில் சைக்கிளை எடுத்து மெயின் ரோட்டுக்கு வந்தபோது ரத்தினம்மாள் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆட்டோ முன்னால் போனது. ரத்தினம்மாள் ஓரத்தில் உட்கார்ந்து, தலையை வெளியே திருப்பி வைத்திருந்தாள். எவ்வளவு தூரம் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள் என்று மங்கைக்குத் தெரியவில்லை. ஆட்டோ வளைவில் மறைந்த பிறகு அவள் ரோட்டின் இடது ஓரமாகவே, மெதுவாக மிதித்துக்கொண்டு போனாள்.